ஒரு பிள்ளைக்கு ஆறு தாய்!

சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து பொறிகள் ஆறு கிளம்பின. வாயுவும் அக்னியும் சுமந்து வந்து கங்கையில் சேர்க்க, கங்கை அவற்றைச் சரவணப் பொய்கையில் விட்டாள். ஆறு தாமரைகளில் ஆறு குழந்தைகள்! பாலூட்டி, தாலாட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அம்பிகை பிறகுதான் வந்தாள். அறுவரையும் சேர்த்தணைத்து ஆறுமுகன் ஆக்கினாள்.

நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால், இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜகன்மாதாவின் பிள்ளைக்கே, வளர்க்க இன்னும் ஆறு பெண்களின் கைகள் தேவைப்பட்டன! அம்பிகை அதைக் குறைவாக நினைக்கவில்லை. சிவனாரோ, அந்தப் பெண்களின் பெயரால் கிருத்திகை விரதத்தையே ஏற்படுத்தி, அவர்களைப் பெருமைப்படுத்தினார்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போகும் பிள்ளை. 'ஆட்டிசம்' என்கிறார் டாக்டர். அன்றிரவு பூஜையறையில் அந்தத் தாய் விம்முகிறாள்: 'முருகா, நான் என்ன பாவம் செய்தேன்?'

தாயே, இது பாவமும் இல்லை, சாபமும் இல்லை. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு இது. 'தாயின் பாசம் போதாததே காரணம்' என்று மேல்நாட்டு நிபுணர்கள் சிலர் ஒரு காலத்தில் சொன்னதுண்டு. அது தவறென்று 1964-ல் நூல் எழுதி வாதாடினார் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவரும் அப்படியொரு பிள்ளையின் தகப்பனார்தான்! அந்தப் பழியை மருத்துவ உலகம் என்றோ கைவிட்டுவிட்டது. நாம்தான் இன்னும் சுமக்கிறோம்.

'குமரகுருபரர் ஐந்து வயதில்தானே பேசினார்? இவனும் பேசுவான்' என்று ஆறுதல் சொல்வார்கள் பெரியவர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அந்த மகான், திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது நாம் போற்றும் வரலாறு. அதில் அவருடைய பெற்றோர் செய்ததையும் கவனியுங்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையை உள்ளறையில் ஒளித்தார்களா? 'தானாகச் சரியாகும்' என்று சும்மா இருந்தார்களா? பிள்ளையோடு புறப்பட்டார்கள்!

நாமும் புறப்பட வேண்டும். நேர்த்திக்கடன் ஒரு பக்கம் இருக்கட்டும். பேச்சுப் பயிற்சி, செயல்வழிப் பயிற்சி என்று டாக்டர் எழுதிக் கொடுப்பதைத் தள்ளிப் போடக்கூடாது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ, அவ்வளவு நல்லது. 'அடியோடு குணப்படுத்துகிறேன்' என்று பணம் கேட்பவர்களிடம் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பயிற்சியின் நோக்கம் பிள்ளையை வேறொருவனாக மாற்றுவதல்ல. அவன் தன் தேவையைச் சொல்ல, தானே உண்ண, உடுக்கப் பழக்குவது.

துணைக்கு யார்? சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைநலப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கக் கூச்சப்படாதீர்கள். அது பிள்ளையின் உரிமை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை வழங்கும் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பெறலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய துணை, இதே பாதையில் நமக்கு முன்னே நடந்த இன்னொரு தாய். பயிற்சி மையத்தின் வாசலில் காத்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பள்ளி எங்கே, இரவில் தூங்க வைப்பது எப்படி... புத்தகத்தில் இல்லாததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். டெல்லியில் 1991-ல் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்புக்கு வித்திட்ட மெர்ரி பருவாவும் அப்படியொரு தாய்தான்.

கோயிலையும் விட்டுவிடாதீர்கள். மேளமும் மணியோசையும் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு அலறுவார்கள். அது அடமல்ல, வேதனை. திருவிழா நாளைத் தவிர்த்து, கூட்டமில்லாத வேளையில், தினமும் ஒரே வழியாக அழைத்துப் போய், ஒரே சந்நிதியில் சற்று நேரம் நின்று வாருங்கள். பழக்கம் அவர்களுக்குத் தெம்பு தரும்.

மற்ற சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். பிராகாரத்தில் அப்படியொரு பிள்ளை அலறினால், 'என்ன வளர்ப்போ!' என்று முணுமுணுக்காதீர்கள். வழிவிடுங்கள். அடுத்த கிருத்திகைக்கு விரதம் இருக்கும்போது, உங்கள் உறவிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கும் அப்படிப்பட்ட தாயின் வீட்டுக்கும் போய் வாருங்கள். 'பிள்ளையை நான் பார்த்துக்கிறேன். நீ ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கு' என்று சொல்லுங்கள்.

கார்த்திகைப் பெண்கள் கந்தனுக்குச் செய்ததும் இதைத்தானே!