வீடும் வேலியும்

சொந்த வீடு! சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. மாட மாளிகை வேண்டாம், கூட கோபுரம் வேண்டாம். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, "வெளியேறு" என்று எவரும் விரல் நீட்ட முடியாத ஒரு வாசற்படி. ஏழையின் கனவு இவ்வளவுதான். அந்தக் கனவையே மருந்தாக்கி, நொடித்துப்போன தொழில் நகரங்களுக்குப் புகட்டுகின்றனர் இன்று. மக்களைச் சொந்த வீட்டுக்காரர்களாக்குங்கள், தெரு தழைக்கும், வரி பெருகும், நகர் எழும் என்கின்றனர். நல்ல மருந்துதான், மறுக்கவில்லை நாம். ஆனால் நோய் வந்த வழியைக் கேளாமல் மருந்தை மட்டும் நீட்டலாமா?

அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரைப் பாருங்கள், தோழர்களே! மோட்டார் வண்டி வளர்த்த மாநகரம். 1914-இல் ஃபோர்டு நிறுவனம் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தது; ஊர் ஊராகத் திரண்டு வந்தனர் உழைப்பாளர். 1950-இல் அங்கே வாழ்ந்தோர் 18½ இலட்சம். 2020-இலோ 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் குறைவு! ஆலைகள் புறநகருக்கும் தொலைதூரத்துக்கும் பெயர்ந்தன. 2013-இல் நகராட்சியே நீதிமன்றத்தில் கைவிரித்தது. கடன் ஏறத்தாழ 1,800 கோடி டாலர்.

ஆலை போயிற்று, ஆள் போனான், வீடு பாழாயிற்று, இது காலத்தின் கோலம் என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. நம் ஊரில் விதி என்பதை அவர்கள் ஊரில் சந்தை என்கின்றனர்; வேறுபாடு பெயரில்தான். விதி எழுதிய கையை நாம் கண்டதில்லை. டெட்ராய்ட்டின் விதியை எழுதிய கையை ஆவணங்களிலேயே காணலாம்.

1934-இல் அமெரிக்க அரசு வீட்டுக்கடனுக்குப் பிணை நிற்கும் அமைப்பொன்றை நிறுவியது. யாருக்குப் பிணை? வெள்ளையருக்கு! கறுப்பர் வாழும் பகுதிகள் வரைபடங்களில் சிவப்பு வண்ணம் பெற்றன. அங்கே கடன் இல்லை. 1941-இல், கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்தார் ஒரு வணிகர். பிணை மறுக்கப்பட்டது. அரை மைல் நீளத்துக்கு, ஆறடி உயரத்துக்கு இடையே ஒரு சுவரை எழுப்பினார், பிணை கிடைத்தது! ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த மண்ணில் பிறந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா? 1968-இல் சட்டம் இந்த வேற்றுமையைத் தடை செய்தது. ஆனால் முப்பதாண்டுகளுக்கு மேல் ஒருவன் வீட்டின் மதிப்பு ஏற, மற்றவன் வாடகையிலேயே வயது முடித்தானே, அந்தக் கணக்கைச் சட்டம் நேர் செய்யவில்லை.

அதன் பிறகும், இத்தனை தடைகளைத் தாண்டி வீடு வாங்கிய கறுப்பர் பலர் இருந்தனர். அவர்களுக்கு என்ன நேர்ந்தது? 2008-இல் வீட்டு விலைகள் சரிந்தன. வரிக்கான மதிப்பீடோ பழைய உயரத்திலேயே நின்றது. சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்பிடக்கூடாது என்பது மிச்சிகன் மாநில அரசியலமைப்பின் விதி. விதி ஏட்டில் உறங்கியது. 2010 முதல் 2016 வரை டெட்ராய்ட் மக்களிடம் மிகையாக வாங்கிய வரி குறைந்தது 60 கோடி டாலர் என்று நாளேடொன்று கணக்கிட்டது. வரி நிலுவை மூன்றாண்டு தொடர்ந்தால் வீடு பறிமுதல்! பிறகு ஏலம், தொடக்க விலை சில நேரம் வெறும் 500 டாலர். வாழ்ந்தவர் தெருவில் நிற்க, பார்த்திராத ஊரின் வீட்டை எங்கோ இருந்தவர்கள் வாங்கிக் குவித்தனர். பறிகொடுத்தவர்களில் வரிவிலக்குக்கு உரிய ஏழைகளும் இருந்தனர். விலக்கு உண்டென்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

இப்போது சொல்லுங்கள்: பறித்த கையே, "வாருங்கள், வீடு வாங்குங்கள்" என்று அழைப்பது என்ன அறம்?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் வாதிடவில்லை. வரி கட்ட ஆளில்லாத ஊரில் விளக்கு எரியாது, குப்பை அள்ள வண்டி வராது. பாழ்வீட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு வாழ்பவளைக் கேட்டால், "வெள்ளையனோ கறுப்பனோ, யாரேனும் குடிவரட்டும்" என்றுதான் சொல்வாள். 2008-இல் அமைந்த நிலவங்கி, வெற்று மனையை அண்டை வீட்டுக்காரருக்கு 100 டாலருக்குக் கொடுத்தது, பாராட்டுகிறோம். பல்லாண்டுச் சரிவுக்குப்பின் 2023-இல் மக்கள்தொகை சற்றே உயர்ந்ததாக அரசு மதிப்பீடு சொன்னது, மகிழ்கிறோம்.

ஆயினும் முதல் உரிமை யாருக்கு? வரப்போகிறவனுக்கா, இருந்து தாங்கியவனுக்கா? நாம் இரண்டாமவன் பக்கம். புதியவனுக்குச் சலுகை தருமுன், உள்ளே இருப்பவனின் கூரையைப் பறிக்காதிருப்பதே மலிவான சீரமைப்பு. 2017 முதல் நகராட்சி, பறிமுதலான வீடுகள் சிலவற்றை ஏலத்துக்கு விடாமல் தானே எடுத்து, அதில் குடியிருந்தவருக்கே சிறு தொகைக்குச் சேரும்படி செய்தது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. சிலவற்றுக்குச் செய்ததை ஏன் மற்றவற்றுக்குச் செய்யவில்லை என்று கேட்கவும் அதுவே இடம் தருகிறது.

மிகை வரிக்கு ஈடு கேட்டனர் மக்கள். 2020-இல் நகர நிர்வாகம் ஒரு திட்டம் நீட்டியது. பணம் திரும்ப வராது. ஆனால் நிலவங்கி விற்கும் வீட்டை வாங்கினால் தள்ளுபடி உண்டு! வீட்டை இழந்தவனிடம், இன்னொரு வீட்டை வாங்கிக்கொள், விலையில் கொஞ்சம் குறைக்கிறேன் என்றனர். நகர மன்றம் அதை ஏற்க மறுத்தது.

அந்த ஆறடிச் சுவரை இடித்துவிடவில்லை. அதன்மேல் வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கின்றனர்.