நஞ்சுண்ட பெருமானும் லாகிரிச் சட்டமும்

சைவாசிரியர்காள்!

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பாடசாலையிலே சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறி எமது பிரசங்கத்தைத் தொடங்குகின்றோம். தரம் பத்திற் கற்ற மாணவன் ஒருவனுடைய புத்தகப் பையிலே கஞ்சாச் சரையொன்று அகப்பட்டது. அவன் தாய் கொழுந்து பறிப்பவள். தந்தை கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்பவன். அவனை முன்னிறுத்தி, "ஏனடா இதனைத் தொட்டாய்?" என வினவினோம். அவன் தலைகுனிந்து, "சாமியே குடிக்கிறார் ஐயா, படத்தில் பார்த்தேன். கதிர்காமத்திலும் சாமிமார் குடிக்கிறார்கள். நான் குடித்தால் மட்டும் குற்றமா?" என்றான். அவ்வினாவுக்கு அன்று எம்மிடத்து விடை இல்லை, பிரம்பே இருந்தது. அடித்தோம், பாடசாலையினின்றும் விலக்குதற்கும் உடன்பட்டோம். அவன் பின்பு திரும்பி வரவில்லை. அவனுக்கு யாம் இறுக்கவேண்டிய கடனாகவே இவ்விடையை இன்று எழுதுகின்றோம்.

அவன் வினாவினுள்ளே வினா இரண்டு உள்ளன. லாகிரி சிவநெறிக்கு உரியதோ என்பது ஒன்று. லாகிரி கொண்டவன் தண்டத்துக்கு உரியவனோ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புதலாலே, ஒரு சாரார் லாகிரியைப் புகழவும், மற்றொரு சாரார் லாகிரிக்கு அகப்பட்டவனை இகழவும் நேர்கின்றது. ஆதலின் ஒவ்வொன்றாய் ஆராய்வாம்.

பாற்கடலைக் கடைந்த ஞான்று எழுந்த ஆலகாலத்தை எம்பெருமான் உண்டருளினார். எதன்பொருட்டு? உண்டு களித்தற்பொருட்டன்று, பிறர் மடியாமைப்பொருட்டு. அந்நஞ்சு கண்டத்திலே நின்றது, உலகம் பிழைத்தது. இக்காலத்திலோ பெருமான் திருக்கரத்திற் புகைக்குழலைக் கொடுத்தெழுதிய படங்கள் கடைதோறும் தொங்குகின்றன. வடநாட்டுச் சாதுக்கள் சிலரிடத்து அவ்வழக்கு உண்டு. நேபாளத்துப் பசுபதிநாதர் ஆலயச் சூழலிலே சிவராத்திரி நாளிற் கஞ்சாப் புகை எழுதலும் உலகறிந்ததே. ஆயின் எமது திருமுறைகளும் சித்தாந்த சாத்திரங்களும் அடியார்க்கு லாகிரியைச் சாதனமாக விதித்தனவல்ல. திருமூலநாயனாரோ திருமந்திரத்திலே கள்ளுண்ணாமையைத் தனியே எடுத்தோதியருளினார். பெருமானைப் பின்பற்றிப் புகைக்கின்றோம் என்பார் பலர். அவரைப் பின்பற்றிப் பிறர் துன்பத்தைத் தாம் ஏற்க வருவாரை அவருள்ளே யாம் கண்டிலம்.

இனி, கற்றோர் சிலர் வேறொரு நியாயம் கூறுவர். 1943 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் அல்பேர்ட் ஹொப்மன் என்பார், தாம் ஆக்கிய எல்.எஸ்.டி. என்னும் மருந்தின் மாயக்காட்சியைத் தம்மிடத்தே கண்டறிந்தார். மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடியினர் சடங்கிற் கொள்ளும் காளானிலுள்ள சைலோசைபினும் அவ்வினத்ததே. 1971 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இவற்றை மிகக் கடிய கட்டுப்பாட்டினுள் வைத்தது. அரை நூற்றாண்டின் பின் அக்கட்டுச் சிலவிடத்து நெகிழ்கின்றது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தார் 2020 இல் வாக்களித்து, மேற்பார்வையுடன் சைலோசைபின் கொள்ளும் நிலையங்களுக்கு வழிதிறந்தனர். அவுஸ்திரேலியாவிலே 2023 யூலை முதலாந் திகதி தொடக்கம், அதிகாரம் பெற்ற மனநோய் வைத்தியர், பிற மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அதனைக் கொடுக்கலாயினர்.

நோய்க்கு மருந்தாமோ என ஆராய்வது வைத்தியர் கடன். அதனை யாம் பழிக்கின்றிலம். 'இது கொண்டார் இறைவனைக் காண்பர்' என்னுங் கூற்றையே மறுக்கின்றோம். பெத்த நிலையிலே உயிர் காணுங் காட்சியெல்லாம் மாயையின் காரியமாகிய கருவிகளின் வழியே நிகழ்வது. மருந்து கருவியைத் தாக்குமேயன்றி ஆணவ மலத்தைத் தீண்டாது. மூக்குக்கண்ணாடிக்கு நிறம் பூசினால் உலகம் வேறு நிறமாய்த் தோன்றும். கண்ணிற் படர்ந்த படலமோ அவ்வாறே இருக்கும். சிவஞானமாவது, இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிருக்குச் சத்திநிபாதத்தாலே குருவருள் வழியாய் வருவது. மருந்தின் வேகம் தணியத் தானுந் தணிவது அதுவாமோ? ஒருவன் அக்காட்சியால் மனந்திருந்தினேன் என்பானாயின், நன்று. அத்திருத்தம் அவன் ஒழுக்கத்திலே விளங்குக. மாணாக்கருக்கு இதனை எளிதிற் சொல்லுமாறு இது: அன்பினாலே தன்னை மறந்தவன் பிறரை நினைப்பான், லாகிரியினாலே தன்னை மறந்தவன் பெற்ற தாயையும் மறப்பான்.

முதல் வினாவுக்கு விடை இதுவாக, இரண்டாவதற்கு வருவாம்.

இலங்கையில் இப்பொருள்களை ஆளுஞ் சட்டத்துக்கு வேர், 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம், நாட்டு வைத்தியர் மருந்தின்பொருட்டு அபினுங் கஞ்சாவும் பெறுதற்கு வழிவைத்தது. 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலே தண்டம் மிகக் கடிதாயிற்று. 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தவனுக்கு மரணதண்டனையேனும் ஆயுட்சிறையேனும் விதிக்கலாம் என்பது சட்டம். எனினும் 1976 இன் பின் இந்நாட்டில் மரணதண்டனை எதுவும் நிறைவேறியதில்லை. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டமோ, போதைக்கு அடிமைப்பட்டோரைச் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் அனுப்ப வகைசெய்தது. இங்ஙனம் ஒரு கையில் வாளும் மறுகையில் மருந்துமாகச் சட்டம் நிற்கின்றது.

2025 இலே ஏற்றுமதிக்கு மாத்திரம் மருத்துவக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர் சிலர்க்கு அரசு இடமளித்தது. எமது மாகாணத்திலே தணமல்வில, வெல்லவாய முதலிய மொனராகலைப் புறங்களிற் கஞ்சாச் சேனைகள் அழிக்கப்படுஞ் செய்தியோ அடிக்கடி வருகின்றது. செடி ஒன்றே, ஒருவர்க்கு அது அந்நியச் செலாவணி, மற்றொருவர்க்கு விலங்கு. இதனை மாணாக்கர் பத்திரிகையிற் படிக்கின்றனர். படித்துவிட்டு நம்மை வினவுகின்றனர். "சட்டம் விலக்கியது, ஆதலால் தீது" என்று மாத்திரம் கற்பித்த ஆசிரியர், சட்டம் நெகிழும் நாளிலே வாயடைத்து நிற்பர். சாராயம் சட்டப்படி விற்கப்படுவதன்றோ? சம்பள நாளிலே லயத்துக் குடும்பங்களின் அரிசிப் பணத்தை விழுங்குவது அதுவன்றோ? அறம் வர்த்தமானியிற் பிறப்பதன்று என்பதை முதலிற் கற்பித்தல் வேண்டும்.

குற்றநீக்கம் என்பது அநுமதி அன்று என்பதையும் விளக்குதல் வேண்டும். பாடசாலைக்குப் பிந்தி வருதல் ஒழுங்கன்று. அதன்பொருட்டு மாணவனைப் பொலிசாரிடம் ஒப்புவிப்பாரும் இலர். போர்த்துக்கல் நாட்டிலே 2001 முதல், தன் உபயோகத்துக்கெனச் சிறிதளவு லாகிரி வைத்திருந்து அகப்பட்டவன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவதில்லை. அவனை ஒரு குழுவினர் விசாரித்து, வேண்டுமாயிற் சிகிச்சைக்கு வழிகாட்டுவர். விற்றல் ஆங்கும் குற்றமே. ஒரேகன் மாநிலமும் 2020 இலே அவ்வழியைத் தெரிந்தது. சிகிச்சை நிலையங்கள் காலத்தில் அமையாமையால் மக்கள் வெறுப்புற, 2024 இல் வைத்திருத்தலை மீட்டும் குற்றமாக்கிற்று. தண்டத்தை நீக்கிய கை மருந்தைக் கொடாதாயின் அம்முயற்சி நிலைபெறாது என்பதே இவற்றால் நாம் கொள்ளத்தக்க பாடம்.

கஞ்சாவைச் சாராயம்போலக் கடையில் வைக்கவேண்டும் என்பார்க்கு யாம் உடன்படோம். லயத்து வாசலிலே ஒரு நஞ்சு இருக்க மற்றொன்று எதற்கு? எனினும் சரையொன்றோடு அகப்பட்ட ஏழையின் கதியை நோக்குமின். மடுல்சீமையிலேனும் லுணுகலையிலேனும் உள்ள தொழிலாளி ஒருவன் வழக்குக்கென வந்துபோகும் பஸ் கட்டணம், சட்டத்தரணிக்குக் கூலி, தண்டப்பணம், இழந்த பேர் என்பன கூடி, மனைவியின் தோடு அடகுக்குப் போகின்றது. தண்டம் செலுத்த இயலாது மறியற்சாலை புகுந்தவன், ஆங்கே அதனினுங் கொடிய லாகிரி விற்பாரோடு பழக நேர்தலும் உண்டு. தண்டிக்கப்பட்டவன் அவனோ, அவன் பிள்ளைகளோ? விற்பவனைத் தண்டிக்க, கொண்டவனை மீட்க என்பதே எமது துணிபு.

பெரியபுராணத்திலே இதற்கு விளக்கு உளது. தம்பியார் மருணீக்கியார் சைவம் விட்டுப் புறச்சமயம் புக்கு, சூலைநோயால் வருந்தி நள்ளிரவிலே தமக்கையார் மடத்தை அடைந்தார். திலகவதியார் 'நீ தேடிய வினை நீயே அநுபவி' என்று வாயிலை அடைத்தாரோ? இல்லை. அடியில் வீழ்ந்தவரை எடுத்து, திருநீறு அளித்து, திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தாமே அழைத்துச் சென்றார். அன்று அவர் வாயிலை அடைத்திருப்பின் நமக்கு அப்பர் சுவாமிகள் ஏது? தேவாரம் ஏது?

ஆசிரியர்காள்! நம்மால் ஆவன சில உள. லாகிரியோடு அகப்பட்ட பிள்ளையைச் சபைநடுவே நாணுறுத்தாது தனியே அழைத்து வினவுக. பசியோ, வீட்டிற் பூசலோ, தாய் தந்தையர் தூரதேசஞ் சென்ற தனிமையோ, கூட்டாளியின் தூண்டலோ எனக் காரணம் அறிக. இளம்பருவத்திற் பழகிய கஞ்சா நினைவாற்றலைக் கெடுக்கும், சிலரிடத்துச் சித்தப்பிரமைக்கும் ஏதுவாகும் என்பதை அச்சுறுத்தாது உள்ளவாறு சொல்லுக. வைத்தியரிடம் போதற்குப் பெற்றோர் அஞ்சுவாராயின் உடன் செல்லுக. விற்பவனை மறைக்கற்க. எது நேரினும் பிள்ளையின் பெயரை இடாப்பினின்றும் வெட்டற்க. வெட்டப்பட்ட பெயருக்கு உரியவனைத் தேடி எடுப்பவன் லாகிரி வியாபாரியே.

ஈற்றில், பெருமான் திருமுடியிலுள்ள ஊமத்தமலரை நினைமின். ஊமத்தை நஞ்சு, அதன் வித்தை உண்டவன் பிதற்றுவான், மடிதலுங் கூடும். வேலியோரத்திலே ஆடும் மேயாது விட்ட அச்செடியின் பூவைப் பெருமான் ஏன் சூடினார்? நாம் உண்ணுதற்கென்றன்று, உலகம் ஒதுக்கியதைத் தாம் ஒதுக்கார் எனக் காட்டுதற்கே. எருக்கும் பாம்பும் சுடலைநீறும் அவ்வாறே அவர்க்கு அணியாயின. ஆகவே ஊமத்தையை உண்பவனும் அப்பெருமானை அறியான். ஊமத்தைபோல் ஒரு பிள்ளையை வேலிக்கப்பால் வீசுபவனும் அவரை அறியான். யாம் முன்னொருநாள் அறிந்திலம். வீசப்பட்ட அப்பிள்ளை இவ்வெழுத்தைக் காணுங்கொல்லோ! காணாவிடினும், அடுத்த சரை அகப்படும் நாளிலே உங்கள் கையிற் பிரம்புக்கு முன் விடை இருப்பதாக.

திருச்சிற்றம்பலம்.