பொதுமையும் தனிமையும்: தரப் பாகம் எழுப்பும் மெய்யியல் கேள்விகள்

பட்டறை வழக்கில் 'ஸ்டாண்டர்ட் பார்ட்' எனப்படும் தரப் பாகம், ஒருமுறை வரையறுக்கப்பட்டு எண்ணற்ற பொறிகளில் இடம்பெறும் உறுப்பு. 8 மில்லிமீட்டர் மரையுள்ள எம்8 போல்ட், 20 மில்லிமீட்டர் தண்டுக்கான 6204 பேரிங், நிலைப்படுத்தும் பின்கள், சுருள்வில்கள் ஆகியவை இவ்வகையின. கணினிவழி வடிவமைப்புக்கான கேட் மென்பொருளில் பணியாற்றுவோர் இவற்றைப் புதிதாக வரைவதில்லை. மென்பொருளோடு வரும் நூலகத்திலிருந்தோ விற்பனை நிறுவனத்தின் கேட்டலாக்கிலிருந்தோ எடுத்து, தேவைப்பட்டால் நீளத்தையோ துளையையோ மாற்றிப் பொருத்துகிறார்கள். இந்த அன்றாடச் செயலுக்குள் மூன்று பழைய கேள்விகள் அடங்கியுள்ளன. ஒரே வரையறையிலிருந்து பிறந்த பல பொருள்களுக்குத் தனித்தன்மை எங்கிருந்து வருகிறது? எவ்வளவு மாற்றினால் ஒரு பொருள் தன் இனத்தை விட்டு நீங்குகிறது? பிறர் வரையறுத்ததைத் தேர்ந்தெடுப்பவருக்கு விளைவில் எவ்வளவு பொறுப்பு உண்டு?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள சுங்கை வே இக்கேள்விகளுக்குப் பொருத்தமான இடம். பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய இவ்வூரில் 1970களின் தொடக்கத்தில் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. மின்னணு உற்பத்தி வரிசைகளுக்கு, வேலைப்பொருளைப் பிடித்து நிலைநிறுத்தும் ஜிக்குகளும் பிக்ஸ்சர்களும் இடைவிடாது தேவை. ஒரு சோதனை பிக்ஸ்சரில் அடித்தட்டும், சோதிக்கப்படும் பலகையைத் தாங்கும் கூடும் பெரும்பாலும் அந்த வேலைக்கென்றே கடையப்படுபவை. திருகு, பின், வில், நழுவுதண்டு ஆகியவை பெரும்பாலும் கேட்டலாக்கிலிருந்து வருபவை. இதே கிள்ளான் பள்ளத்தாக்கில், மரபு வகுத்த அளவுகளைக் கொண்டு தெய்வ உருவங்களைச் சமைக்கும் கோயில் மரபும் வேரூன்றியிருக்கிறது. பொதுவான அளவு, தனியான பொருள் என்ற இரண்டின் உறவை இரு துறைகளும் வெவ்வேறு வழியில் எதிர்கொண்டுள்ளன.

தரம் உருவான வழி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வைத்திருந்தது. ஒரு பட்டறையின் நட் மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. 1841இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், 55 பாகைக் கோணமுள்ள ஒரே மரை முறையை முன்வைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. எந்தக் கோணத்தைத் தேர்ந்தாலும் மரை வேலை செய்யும்; எல்லோரும் ஒன்றையே தேர்ந்ததுதான் அதைத் தரமாக்கியது.

ஆனால் தரம் வெறும் உடன்பாடு மட்டுமல்ல என்பதைப் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார் காட்டினார். 1870களில் அவர் இராணுவ பலூன்களுக்கான கயிறுகளின் 425 அளவுகளை 17ஆகக் குறைத்தார். அளவுகளைச் சம இடைவெளியில் கூட்டாமல், சம விகிதத்தில் பெருக்கியதே அவர் கையாண்ட முறை. 10, 16, 25, 40, 63, 100 என்று செல்லும் வரிசையில் ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. சிறிய அளவிலும் பெரிய அளவிலும் அடுத்த படிக்குச் செல்லும்போது ஏற்படும் வீணடிப்பு, விகித அளவில் ஒன்றே. பின்னாளில் இவ்வரிசை ஐஎஸ்ஓ 3 என்னும் தரமாயிற்று. அளவுகள் எண்ணில்லாதவை, மனிதர் அவற்றில் சில படிகளைத் தேர்கிறார்கள், அத்தேர்வுக்குக் காரணம் சொல்ல முடிகிறது. ஆகவே தரம் இயற்கையில் கண்டெடுத்ததும் அல்ல, மனம்போல் வகுத்ததும் அல்ல. மலேசியாவில் தரங்களை வகுத்துச் சோதிக்கும் பணிக்காக 1975இல் சிரிம் நிறுவனம் உருவாகி, ஷா ஆலாமைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது.

கேட் நூலகத்தில் இந்தத் தரம் ஓர் அட்டவணையாக வாழ்கிறது. ஒரு போல்ட் குடும்பத்துக்கு வடிவம் ஒன்று. விட்டம், நீளம், தலை உயரம் முதலியவை அட்டவணையின் பத்திகள். ஒரு வரிசையைத் தேர்ந்தவுடன் எண்கள் வடிவத்துக்குள் சென்று ஒரு போல்ட் உருவாகிறது. அதை நாற்பது துளைகளில் இட்டால், நாற்பது இடங்களும் ஒரே கோப்பையே சுட்டுகின்றன. மென்பொருள் அவற்றை 1, 2, 3 என்ற எண்ணாலும், இருக்கும் இடத்தாலும் திசையாலும் மட்டுமே வேறுபடுத்துகிறது.

பொதுமை எங்கே இருக்கிறது

நாற்பது போல்ட்டுகளுக்கும் பொதுவான 'எம்8 தன்மை' உண்மையில் உள்ள ஒன்றா, மனம் கற்பித்ததா? இந்திய மெய்யியலில் இது நெடுங்கால வழக்கு. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் பேசும் வைசேடிகவாதி, உலகப் பொருள்களைப் பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என ஆறாக வகுக்கிறான். அவனது தரிசனத்தில் சாமானியம் உண்மையானது. பல பசுக்களிலும் உள்ள பசுத்தன்மை ஒன்றே. ஒரு பசு இறந்தாலும் அது அழியாது. நூலகக் கோப்புக்கும் நாற்பது போல்ட்டுகளுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுவே. ஒரு போல்ட்டை நீக்கினால் கோப்புக்கு ஒன்றும் நேராது. கோப்பைத் திருத்தினால் நாற்பதும் மாறும்.

அதே காப்பியத்தின் 29ஆம் காதையில் இடம்பெறும் பௌத்த அளவையியல் மறுபக்கத்தைச் சொல்கிறது. திக்நாகர் வழிவந்த அம்மரபில் அளவைகள் இரண்டே: காட்சி, கருதல். காட்சி தொடுவது தனிப்பொருளை. கருதல் கையாள்வது பொதுமையை. உள்ளது தனிப்பொருள் மட்டுமே. பொதுமை மனத்தின் ஆக்கம். பசு என்ற சொல் பசுத்தன்மை என்ற ஒன்றைச் சுட்டவில்லை, பசு அல்லாதவற்றை விலக்குகிறது என்பது அவர்களின் அபோகக் கொள்கை.

இந்தக் கொள்கைக்கு அளவுச் சோதனை அறையில் நேர்ச்சான்று இருக்கிறது. 20 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற பொறுதி குறிக்கப்பட்டால், துளை 20.000 முதல் 20.021 மில்லிமீட்டர்வரை இருக்கலாம். அதைச் சோதிக்கும் கேஜுக்கு இரு முனைகள். 'கோ' முனை நுழைய வேண்டும். 'நோ கோ' முனை நுழையக்கூடாது. இந்தக் கருவி துளையின் அளவைச் சொல்வதே இல்லை. மிகச் சிறியதும் அல்ல, மிகப் பெரியதும் அல்ல என்று இரு விலக்கல்களை மட்டும் செய்கிறது. அவ்விரண்டையும் கடந்த துளைக்கு '20 எச்7' என்ற பெயர் கிடைக்கிறது. தேர்ச்சி பெற்ற எந்த இரண்டு துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை.

திரையில் உள்ள பாகம் வைசேடிகத்துக்கும், கையில் உள்ள பாகம் பௌத்தத்துக்கும் இணங்குகிறது. இரண்டு கொள்கைகளும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பயன்படுகின்றன என்பதால் வழக்கு தீர்ந்துவிடவில்லை. ஆனால் பொதுமை எதற்காகத் தேவை என்பது தெளிவாகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிப் பொருத்த முடிய வேண்டும் என்பதற்காகவே தரம் இருக்கிறது. மாற்றிப் பொருத்த முடிந்தவரை, இரு பாகங்களும் ஒரே இனம். அவற்றின் தனித்தன்மை வடிவத்தில் இல்லை. எந்த இடத்தில் இருந்து, எந்தச் சுமையைத் தாங்குகிறது என்பதில் இருக்கிறது.

மாற்றத்தின் எல்லை

கேட்டலாக் பாகத்தை மாற்றுவதில் இரு வகை உண்டு. முதலாவது, குடும்பமே இடம் கொடுத்த மாற்றம். எஃகுச் சட்டங்களையும் குழாய்களையும் நூலகத்திலிருந்து எடுக்கும்போது நீளத்தைப் பயனரே கொடுக்கிறார். ஜப்பானின் மிசுமி நிறுவனம் 1977இல் பிரஸ் டைகளுக்கான பாகங்களைக் கேட்டலாக்காக வெளியிட்டது. அதன் இன்றைய பட்டியல்களில் பல பாகங்களின் விட்டத்தையும் நீளத்தையும் வாங்குபவரே குறிப்பிட்டு, பாக எண்ணுக்குள்ளேயே எழுதலாம். இங்கே மாற்றம் இனத்தை மீறவில்லை. இனத்தின் வரையறைக்குள்ளேயே ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

இரண்டாவது, வரையறையை மீறும் மாற்றம். தலையில் துளையிடுவது, மரையைக் கடைந்து எடுப்பது, பற்றவைப்பது ஆகியவை இவ்வகை. ஆட்டோடெஸ்க் இன்வென்டர் என்னும் கேட் மென்பொருள் இந்த எல்லையைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. அதன் பாக நூலகமான கன்டென்ட் சென்டரிலிருந்து ஒரு பாகத்தைத் தரப் பாகமாக இட்டால் அதைத் திருத்த முடியாது. திருத்த வேண்டுமானால் தனிப் பாகமாக இட்டு, வேறு பெயரில் வேறு இடத்தில் சேமிக்க வேண்டும். இனம் மாறினால் பெயரும் மாற வேண்டும் என்ற விதி இது.

இவ்விதிக்கு அறப் பொருளும் உண்டு. 12.9 என்று தலையில் பொறிக்கப்பட்ட திருகு, சதுர மில்லிமீட்டருக்கு 1200 நியூட்டன் இழுவிசை வலிமையும், அதில் 90 விழுக்காட்டில் நெகிழ்வரம்பும் கொண்டது என்பது அந்த எண்களின் பொருள். அவ்வலிமை வெப்பப் பதனத்தால் வந்தது. அத்திருகைப் பற்றவைத்தால் பதம் இறங்கிவிடும். தலையில் உள்ள எண் மட்டும் அப்படியே இருக்கும். அடுத்து அதைக் கையில் எடுப்பவர் எண்ணை நம்புவார். பொருள் தன்னைப்பற்றிச் சொல்வது பொய்யாகிவிட்டது. அதை மாற்றியவர் வாய் திறக்காமலே பொய் சொன்னவராகிறார். மாற்றியது குற்றமில்லை; மாற்றிய பின்னும் பழைய பெயரில் உலவவிட்டதே குற்றம்.

சிற்ப மரபின் விடை

கோயில் சிற்பம் தர அளவுகளால் ஆனது. தாலமான முறையில் முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம் என்பது அடிப்படைக் கணக்கு. நவதால உருவம் 108 அங்குலம். சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலம் 124 அங்குலம். இந்த அங்குலம் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. உருவத்தின் மொத்த உயரத்தை வகுத்துப் பெறும் கூறு அது. உயரம் மாறினால் எல்லா உறுப்புகளும் அதே விகிதத்தில் மாறும். கைகளின் எண்ணிக்கை, ஏந்தும் படைக்கலம், நிற்கும் நிலை ஆகியவற்றைத் தியான சுலோகங்கள் வரையறுக்கின்றன. அட்டவணையும் மாறிகளும் கொண்ட இன்றைய பாகக் குடும்பத்தின் இயல்பு இதில் முழுமையாக இருக்கிறது.

கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் 1873இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் ஐந்து நிலை இராஜகோபுரம், தமிழகச் சிற்பிகளின் இம்மரபில் அமைந்தது. 2006 ஜனவரியில் பத்துமலையில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலை, கான்கிரீட்டாலும் எஃகுக் கம்பிகளாலும் ஆனது. உயரமும் பொருளும் மாறின. வேலும் நின்ற கோலமும் இது முருகன் என்பதை ஐயமின்றிச் சொல்கின்றன.

எல்லாக் கோயிலிலும் ஒரே இலக்கணத்தில் அமைந்த உருவம், வழிபடப்படும் தெய்வத்தின் தனித்தன்மையைக் குறைக்கிறதா? சைவ சித்தாந்தம் இறைவனுக்குத் தடத்தம், சொரூபம் என்று இரு இலக்கணம் கூறும். உயிர்களின் பொருட்டு அவன் கொள்ளும் உருவம் தடத்தத்தைச் சேர்ந்தது. அவனது சொந்த இயல்பு உருவத்துக்கு அப்பாற்பட்டது. ஆகவே உருவம் பொதுவாக இருப்பதால் இறைமைக்குக் குறையில்லை. உருவம் அடையாளம் காண உதவுகிறது. அந்தத் தலத்தில் நடக்கும் பிரதிட்டையும், கண் திறத்தலும், குடமுழுக்கும், நாள் வழிபாடும் அந்தத் திருமேனியை அவ்வூருக்கு உரியதாக்குகின்றன. உறுப்புச் சிதைந்து பின்னமான திருமேனியை அதே பெயரில் தொடர்ந்து வைக்காமல், முறைப்படி நீக்குவதோ புதுப்பிப்பதோ மரபு. வரையறை குலைந்தபின் பழைய நிலையில் விடக்கூடாது என்பது இங்கும் விதி.

தேர்ந்தவரின் பொறுப்பு

கேட்டலாக் இனத்தைப் பற்றிப் பேசுகிறது, தனிப் பாகத்தைப் பற்றி அன்று. பேரிங்கின் ஆயுளை ஐஎஸ்ஓ 281 தரம் கணக்கிடும் முறையே இதற்குச் சான்று. கேட்டலாக்கில் உள்ள இயங்குசுமை எண், அந்தச் சுமையில் ஒரே வகைப் பேரிங்குகளில் 90 விழுக்காடு பத்து இலட்சம் சுற்றுகளைக் கடக்கும் என்பதைக் குறிக்கிறது. எஞ்சிய பத்து விழுக்காட்டில் ஒன்றுதான் வாங்கியவர் கையில் இருக்கிறதா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. குண்டு பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அச்சுமையை அறிந்தவர் கேட்டலாக்கை அச்சிட்டவர் அல்லர், அப்பாகத்தை அவ்விடத்தில் வைத்தவரே.

திருக்குறளில் தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் 51, 52ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வருகின்றன. ஆராய்ந்து நம்புவது ஒன்று. நம்பியவரை அவருக்குத் தக்க வினையில் அமர்த்துவது மற்றொன்று. ஆட்களைப் பற்றி வகுத்த இந்த வரிசை பாகங்களுக்கும் பொருந்தும். தரம் முதற்படியின் பெரும்பகுதியைச் செய்து கொடுத்துவிடுகிறது. இரண்டாம் படியை எந்தத் தரமும் எந்த நூலகமும் செய்து தர முடியாது.

படைப்பு என்பது எல்லாவற்றையும் புதிதாக வரைவது என்று கொண்டால், கேட்டலாக் வடிவமைப்பாளரைக் கூட்டிச் சேர்ப்பவராக்கிவிடுகிறது. அந்த அளவுகோலில் மரபுச் சிற்பியும் படைப்பாளி ஆகமாட்டார். பொதுவானதை அறிந்து, தக்க இடத்தில் வைத்து, மாற்றியதற்கு உண்மையான பெயரிட்டு, விளைவுக்குப் பொறுப்பேற்பதே படைப்பு என்று கொண்டால், இருவரும் படைப்பாளிகளே. இரண்டாவது அளவுகோலே சரியானது.