வெட்டிய பாதையில் நடப்பவர்கள்

'பார்ப்பதால் என்ன குறைந்துவிடும்?' காட்டுக்குப் பயணம் போகும் நம் எல்லோரிடமும் இந்த நியாயம் இருக்கிறது. மரத்தைத் தொடவில்லை, பிளாஸ்டிக் போடவில்லை, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். என் தொழிலிலும் இதே நம்பிக்கை உண்டு. ஒருவருக்கு 'ரீட் ஒன்லி' அனுமதி கொடுத்தால் பயமில்லை, அவரால் எதையும் மாற்ற முடியாது என்போம். காட்டைப் பார்ப்பதும் அப்படித்தானா?

இலங்கையின் தென்மேற்கில் இருக்கிறது சிங்கராஜ மழைக்காடு. அங்குள்ள மரவகைகளில் 60 சதவீதத்துக்கு மேல் அந்தத் தீவுக்கே உரியவை. 1970களில் ப்ளைவுட்டுக்காக இதன் ஒரு பகுதியில் மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்புக்குப் பின் 1977இல் அது நின்றது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் காடு இடம்பெற்றது. குடாவ வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் நடக்கிற அந்த அகலமான பாதை, அன்று மரம் ஏற்றிப்போக வெட்டியது. சிலம்பன்களும் கரிச்சான்களும் ஒரே கூட்டமாக இரை தேடுவதை அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிவது, அங்கே மரம் விலகி வெளிச்சம் விழுவதால்தான். காட்டைக் காட்டுவதே அதன் காயம்தான்.

எங்கள் ஓரிக்கைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பாலாற்றின் நடுவரை போய் நின்று பார்க்க வசதியான வழி எதுவென்றால், மணல் லாரி போட்ட தடம்.

சிங்கராஜத்தில் கூட வந்த நண்பன் பாதையை விட்டு உள்ளே போகலாம் என்றான். "இவ்ளோ தூரம் வந்துட்டு ரோட்லயே நடந்துட்டுப் போறதா மச்சி?" வழிகாட்டி சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரியும். தலையாட்டி மறுத்தார். "அங்க ஒண்ணும் இல்ல சார். காடு மட்டும்தான்."

பார்க்காததை யார் காப்பாற்றுவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் போவதால் அந்த வழிகாட்டிக்குச் சம்பளம் வருகிறது. காடு நிற்பதில் அவர் ஊருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை அந்தமானுக்குக் கொண்டுபோனால் நிற்காது. 1970களில் போடத் தொடங்கிய அந்தமான் நெடுஞ்சாலை, ஜாரவா மக்களின் காட்டுக்கு ஊடே போகிறது. வேட்டையாடியும் சேகரித்தும் வாழும் அவர்கள் சில நூறு பேர்தான். வெளியுலகத் தொடர்பு கூடியபின், 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் வண்டிகள் வரிசை கட்டிப் போயின. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவா பெண்களை ஆடவைத்த வீடியோ 2012இல் வெளியானபோது நாடே பதறியது. அந்த வண்டிகளில் இருந்தவர்களும் 'சும்மா பார்க்க' வந்தவர்கள்தான்.

இரண்டுமே தீவு, இரண்டுமே மழைக்காடு, இரண்டிலும் காட்டை வெட்டிப் போட்ட சாலை. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? பார்க்கப்படும் தரப்பு 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா, சொன்னால் வந்தவர் நிற்பாரா என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிங்கராஜத்தில் காட்டின் சார்பாக மறுக்க ஒரு மனிதர் கூடவே நடக்கிறார். ஜாரவாக்களின் சார்பாக நீதிமன்றமே மறுத்தும் வண்டி நிற்கவில்லை.

பயணமே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. டிக்கெட் என்பது பாதையில் நடப்பதற்கான கட்டணம். காட்டின் விலை அல்ல. மீதிக் காட்டை நாம் பார்க்காமலேயே சாகப்போகிறோம் என்பதை ஏற்றுக்கொள்வதும் அந்தக் கட்டணத்தில் சேர்த்திதான். நமக்குத் தெரியாமலும் ஒன்று மதிப்போடு இருக்கலாம் என்று நம்ப, போட்டோ தேவையில்லை.

இந்த லீவுக்கு அந்தமான் போகிறவர்கள் இருப்பீர்கள். முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்கு எதிர்க்கரையில் மவுண்ட் ஹாரியட் தேசியப் பூங்கா இருக்கிறது; 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து காலா பத்தர் வரை காட்டுக்குள் நடக்கலாம். ஜாரவா சாலை வழியாகப் போகும் டூர் பேக்கேஜை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.