அடைக்கோழிக்குப் பட்ட கடன்

நாலைந்து கோழிகளையும் இரண்டொரு ஜோடி வாத்துகளையும் வைத்துக்கொண்டு ஜீவனம் செய்யும் சிறு குடியானவர் வீடுகளில் வழிவழியாக நடந்துவரும் ஒரு காரியம், தத்துவ விசாரணையில் ஈடுபட்டவர்கள் சற்று நின்று நோக்குவதற்கு உரியது. மனிதனோடு பல தலைமுறை பழகிவிட்ட வீட்டு வாத்துகள், முட்டையை இட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அடை கிடந்து குஞ்சு பொரிக்கும் சுபாவம் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அற்றுப்போயிற்று. ஆகையால் வீட்டுக்காரி அம்முட்டைகளைச் சேர்த்துவைத்து, அடைக்கு வந்த நாட்டுக்கோழி ஒன்று கேறிக்கொண்டு மூலை தேடும் சமயம் பார்த்து, கூடையில் வைக்கோலைப் பரப்பி, அதன் வயிற்றின் கீழ் அவற்றை வைத்துவிடுகிறாள். கோழியும் தன்னுடையவை என்றே அவற்றை ஏற்றுக்கொள்கிறது.

கோழி முட்டை பொரிவதற்கு 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். தன் குலத்துக்கு இயற்கை விதித்த கெடு கடந்த பின்னும், மேலும் ஏழு நாள் அந்தக் கோழி கூடையை விட்டு அகலாமல் கிடக்கிறது. தான் இடுவதைவிடப் பெரியவையான அம்முட்டைகளை நாள்தோறும் பலமுறை அலகினால் புரட்டி, எல்லாப் பக்கமும் சூடு பரவச் செய்து, நாளில் ஒரு தடவை சிறிது நேரம் மட்டும் இறங்கித் தானியம் கொத்தித் தண்ணீர் குடித்து, உடனே திரும்பி வந்து அமர்ந்து, உடம்பு இளைத்து, முடிவில் அது காண்பவை, தட்டை அலகும் விரலிடைத் தோலும் கொண்ட வேற்றுக் குலத்துக் குஞ்சுகள்தாம். குட்டையைக் கண்டதும் அவை இறங்கி நீந்துகின்றன. கோழியோ கரையில் அங்குமிங்கும் ஓடி, இறகைச் சிலிர்த்துக் கூவி அழைக்கிறது. இருட்டியதும் அதே குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள் அதன் சிறகடியில் வந்து ஒடுங்குகின்றன.

இதைக் காணும் வேதாந்தி, ‘என் மக்கள், என் மனை’ என்று அலமரும் சம்சாரியின் நிலை இதுவே என்று சொல்லிவிடக்கூடும். தனதல்லாததைத் தனதென்று கருதியதால் வந்த துயரம் என்றும், கயிற்றைப் பாம்பென்று கண்ட பிரமைக்கு ஒப்பானது என்றும் முடிவு கட்டிவிடக்கூடும். அந்த முடிவு அவசர முடிவு என்பது என் கட்சி. கயிற்றரவு தீண்டி எவரும் விஷமேறி மாண்டதில்லை; ஆனால் இந்தக் கோழியின் சூட்டினால் மெய்யாகவே உயிர்கள் உண்டாகியிருக்கின்றன. அதன் எண்ணத்தில் பிழை இருக்கலாம். செயலில் பிழை இல்லை. குஞ்சுகளுக்கு வேண்டியிருந்தது சூடேயன்றி, சூடு தருபவரின் வமிச வரலாறு அன்று.

நம் புராணங்களும் இதற்கு அநுகூலமாகவே இருக்கின்றன. பாண்டியனுடைய வேட்டையில் தாய் தந்தையரை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்கு, மதுரைச் சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றியின் வடிவெடுத்து முலை கொடுத்தார் என்கிறது திருவிளையாடல். திருச்சிராப்பள்ளியில், பேறுகால வேதனையுற்ற பெண்ணிடம் அவளுடைய தாயின் உருவில் வந்து பணிவிடை செய்ததனால்தான் இறைவனுக்குத் தாயுமானவர் என்ற திருநாமம். இவ்விரண்டிடத்தும் வடிவம் பொய். ஆயினும் அதை வஞ்சனை என்று பக்தர் எவரும் இகழ்ந்ததில்லை. தாய்மை உதிர சம்பந்தத்தில் இல்லை, செயலில் இருக்கிறது என்பதே இக்கதைகளின் உள்ளுறை.

‘இறைவன் அறிந்து செய்தான், கோழி அறியாமல் செய்கிறது. இயற்கையின் உந்துதலுக்குக் கட்டுப்பட்டு, வேறொன்று செய்ய இயலாமல் கிடக்கும் ஒரு பறவைக்குப் புண்ணியம் ஏது?’ என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. தெரிந்தெடுக்கும் சுதந்திரம் இல்லாத இடத்தில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. ஆனால், கோழியை இவ்வாறு விடுவித்ததும், வழக்கு முடிந்துபோகாமல், முட்டைகளை மாற்றி வைத்த மனிதனிடம் வந்து நிற்கிறது. இந்த ஏற்பாட்டில் அறிந்து செய்தவன் அவன் ஒருவனே. பலனைப் பெறுகிறவனும் அவனே. முட்டையும் அவனுக்கு, வாத்துக் குஞ்சும் அவனுக்கு. பண்டிகை வந்தால் அடை கிடந்த கோழியும் அவனுக்கே.

இதைப்பற்றி நம்மவர்கள் தர்க்கிக்கும்போது, பெரும்பாலும் முட்டைக்குள் உயிர் உண்டா என்ற ஒன்றையே பேசுகிறார்கள். காந்தியடிகள் 1942-இல் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியபோது, சேவல் சேராமல் இட்ட முட்டை குஞ்சாவதில்லையாதலால், பால் அருந்துபவர் அதை உண்ணத் தடையில்லை என்ற கருத்தைத் தெரிவித்தார். கொலையைப் பற்றிய கேள்விக்கு அது தெளிவான விடை. ஆயினும் கொலை நேராத இடத்தில் கடனும் நேராது என்று நாம் எண்ணிவிடலாகாது. கடனைப் பற்றிய விசாரம் வேறு.

திருவள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். அதைச் சாக்காகக் கொண்டு, இவை துறவிகளுக்கே உரியவை, இல்லறத்தானைக் கட்டுப்படுத்தா என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரத்தை அவர் இல்லறவியலிலேயே வைத்திருப்பதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? அடுப்பும் பஞ்சாரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடியானவனுக்கு அந்த அதிகாரத்திலிருந்து விலக்கு இல்லை.

நன்றி செய்தவர் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பதைப் பொறுத்துக் கடன் குறைவதில்லை. தான் கொடுத்தது இன்னதென்று அறிந்தவன் கேட்டு வாங்கிக்கொள்வான். அறியாத ஜீவனுக்குக் கேட்கும் வாயும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆகையால் அதன் பங்குக்கும் சேர்த்து விவேகம் காட்ட வேண்டிய பொறுப்பு, அதன் அறியாமையால் லாபம் பெற்றவனைச் சார்கிறது. கூடைக்கு அருகிலேயே தானியமும் தண்ணீரும் வைப்பதும், 28 நாள் கிடந்து எழுந்த கோழியை உடம்பு தேறுமுன் மறு அடைக்கு உட்படுத்தாதிருப்பதும், முட்டை வேண்டும் என்ற அவசரத்தில் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளிவிக்காதிருப்பதும், நமக்காக ஒரு குலத்தை வளர்த்துக் கொடுத்த பறவையையாவது கத்திக்குத் தப்பவிடுவதும் தயையில் சேர்ந்தவை அல்ல. தயை, கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடாமலும் இருக்கலாம் என்ற நிலையில் உள்ளவனுடைய குணம். கடன்பட்டவனுக்கு அந்த நிலை இல்லை.