மொத்தம் தெரியாத கணக்கு

கல்முனைக்குடிப் பள்ளியொன்றில் இஷாத் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் விரல்கள் மடங்கத் தொடங்கும். சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. சிலர் மோதிரம் போல ஒரு குட்டிக் கவுண்டரை விரலில் செருகியிருப்பார்கள். கட்டைவிரலால் அமுக்க அமுக்க இலக்கம் ஏறும். வெளியே வந்து செருப்பைத் தேடும் இளைஞரின் போனில் வேறொரு எண்ணிக்கை காத்திருக்கும்.

2020 செப்டம்பரில் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற இணைய விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு காரியத்தை முடித்தால் 'அச்சீவ்மென்ட்' என்று திரையில் ஒரு பட்டை வந்து போகும். சின்னச் சாதனைக்கு 5 'ப்ரைமோஜெம்'. 160 சேர்ந்தால் ஒரு குலுக்கல். அதாவது 32 சின்னச் சாதனைகளுக்கு ஒருமுறை அதிர்ஷ்டம் பார்க்கலாம். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 பரப்பிய இந்தச் சாதனை ஏற்பாட்டை 2008இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்'டும் எடுத்துக்கொண்டது.

நேரம் வீணாகிறது, குலுக்கல் சூதாட்டத்தின் தம்பி என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்ணுவதையே குறைசொல்ல ஒரு முஸ்லிமுக்கு வாய் வராது. ஜமாஅத்தாகத் தொழுதால் 27 மடங்கு, லைலத்துல் கத்ர் ஆயிரம் மாதங்களை விடச் சிறந்தது, நன்மை தீமைகளை எழுத இரண்டு மலக்குகள். மத்ரஸாப் பிள்ளை வளர்வதே இந்தக் கணக்குகளோடுதான்.

பிறகு எங்கே வழி பிரிகிறது? நிய்யத்தில், அதாவது மனதின் நோக்கத்தில் என்பார்கள். புகாரியின் முதல் ஹதீஸே அதைப் பற்றியதுதான். விளையாட்டின் சர்வருக்குச் செய்கை தெரியும், நிய்யத் தெரியாது. எதேச்சையாகச் செய்ததற்கும் பரிசு விழும். ஆனால் ஆடுபவர்களுக்கு நிய்யத் விளங்காமல் இல்லை. ஒரு விளையாட்டை ஆடாமலேயே அதன் சாதனைகள் முழுவதையும் திறந்துவிடும் 'ஸ்டீம் அச்சீவ்மென்ட் மேனேஜர்' என்ற மென்பொருள் இருக்கிறது. வார்கிராப்டில் தங்கம் கொடுத்து, கெட்டிக்காரர்களின் முதுகில் ஏறி முடிப்பவர்களும் உண்டு. சர்வரைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே சாதனைதான். உழைத்து முடித்தவர்களோ இவற்றைக் கண்டால் முகம் சுளிப்பார்கள்.

ஆகவே நிய்யத்தோடு பேச்சு முடிவதில்லை. பெரிய வித்தியாசம் மொத்தத்தில் இருக்கிறது. விளையாட்டில் ஏடு திறந்தே கிடக்கும். எத்தனை வீதம் முடிந்தது, உலகில் எத்தனை வீதமானோர் அதை எட்டினார்கள் என்பதுவரை ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளம் காட்டும். தொழுபவருக்கு மடங்கு தெரியும், மொத்தம் தெரியாது. 27 எதைப் பெருக்குகிறது, பெருக்க அங்கே ஏதும் இருக்கிறதா என்பதும் தெரியாது.

இந்த இருட்டில்தான் இமாம் கஸ்ஸாலி தடுமாறினார். பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவில் 1091இல் அவர் ஏறிய ஆசனத்துக்கு மேல் ஓர் ஆலிமுக்கு எட்ட அதிகம் மிச்சமில்லை. 1095இல் அதை விட்டுப் போனார். தாம் பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காக அல்ல, பேருக்கும் புகழுக்கும்தான் என்று கண்டதாகத் தம் வரலாற்றில் அவரே எழுதுகிறார். தமது 'இஹ்யா' நூலில் முகஸ்துதிக்கும் பதவி ஆசைக்கும் தனிப் பாகமே ஒதுக்கினார்.

இப்போது ஐவேளைத் தொழுகையைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் செயலிகள் இருக்கின்றன. களாவான தொழுகையை மறக்காமலிருக்க அவை நல்ல உதவி. ஒரு நாளும் விடாமல் நிரம்பிய அந்தத் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும்போதுதான் சங்கடம். நாலு பேரைத் தூண்டத்தான் போட்டேன் என்பார் போட்டவர். தட்டிக்கழிக்க முடியாத பதில் அது: வெளிப்படையாகக் கொடுக்கும் தர்மத்தையும் குர்ஆன் நல்லதென்றே சொல்கிறது, மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது. ஸ்டேட்டஸைப் பார்க்கும் மச்சானுக்கு இதில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மூன்றாம் முறை திறந்து பார்ப்பவருக்கு வேண்டுமானால் கொஞ்சம் சந்தேகம் தட்டலாம்.