குறைய உண்ணும் தவம்

 

புறத்தவம் ஆறு என்பது நம் பிள்ளைகளும் ஒப்பிக்கும் பாடம். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அவை வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. முதலாவது அனசனம், உணவை அறவே துறத்தல். இரண்டாவது அவமோதரியம், வயிறு நிரம்புமுன் கையை எடுத்துக்கொள்ளுதல். முதலாவதற்கு நம்மிடையே உள்ள மதிப்பு இரண்டாவதற்கு இல்லை. சதுர்த்தசியில் உபவாசம் இருந்தவரை ஊரே போற்றும். நாள்தோறும் இரண்டு கவளம் குறைத்து உண்டவரை யார் அறிவார்?

ஆடவர்க்கு 32 கவளமும் மகளிர்க்கு 28 கவளமும் நிறை உணவு. அதில் ஒரு கவளம் குறைந்தாலும் அவமோதரியமே என்று ஆசார நூல்கள் அளவு வகுத்துள்ளன. இத்துணை நுட்பமாக எண்ணியது உறக்கமும் சோம்பலும் நீங்கி, தியானமும் சுவாத்தியாயமும் தடையின்றி நடைபெறவே. உடல் இளைப்பது அதன் நோக்கமன்று. ஆயினும் உடற்பருமனைப் பற்றி மருத்துவ அறிவு இன்று கூறுவதை நோக்கின், இத்தவத்தை வேறொரு காரணத்தாலும் நினைவூட்ட வேண்டியுள்ளது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், கொழுப்பு என்பது உடலின் சேமிப்புக் கிடங்கு என்றே கற்பித்தனர். அக்கருத்து மாறிவிட்டது. அமெரிக்க நாட்டில் ஹோதமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலிய அறிஞர்கள், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் அழற்சியைத் தூண்டும் பொருளொன்று மிகுந்து தோன்றுவதையும், அது இன்சுலினின் செயலைத் தடுப்பதையும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மிகப் பருத்தவர்களின் கொழுப்பினுள், கிருமிகளை விழுங்கும் காவல் அணுக்கள் திரள்கின்றன என்பது 2003இல் தெளிவாயிற்று.

அழற்சி என்பது யாது? காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடேறி வலிக்கிறது. அது நன்மைக்கே. முள் நீங்கினால் அதுவும் அடங்கும். கொழுப்பில் எழும் அழற்சிக்கோ முள்ளும் இல்லை, வலியும் இல்லை. உமிக்குள் கிடக்கும் நெருப்பைப் போல் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டேயிருக்கும். குருதிக் குழாய்களையும் கல்லீரலையும் அது மெல்ல மெல்லக் கெடுக்கிறது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி திறக்கிறது. பருத்தவர்க்கு முழங்கால் தேய்வது பாரத்தால் என்போம். கைவிரல் மூட்டுத் தேய்வும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறதே! விரல்கள் உடலைச் சுமப்பதில்லையே!

வினை ஊற்றும் இவ்வாறே ஓசையின்றி நிகழ்வது. உவமைக்காகக் கூறினேன், இரண்டும் ஒன்றெனக் கொள்ளற்க. ஊற்றை அடைப்பது செறிப்பு. சேர்ந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. செறிப்பின்றி உதிர்ப்பை மட்டும் நாடுவோர் ஓட்டைப் படகில் நீர் இறைப்போரை ஒப்பர். ஒரு நாள் உபவாசம் இருந்து, மறுநாள் பாரணையில் நெய் ஒழுகும் இனிப்புகளை அடுக்கி உண்பது அத்தகையதன்றோ?

“நாம் புலால் உண்பதில்லை, இரவிலும் உண்பதில்லை, நமக்கென்ன?” என்பாரும் உளர். சர்க்கரையும் மைதாவும் எண்ணெய்ப் பலகாரமும் புலால் அல்ல. எனினும் அளவு மிகின் கொழுப்பாகவே சேரும். அதிலும் தெற்காசியராகிய நமக்கு அது குடலைச் சூழ்ந்து வயிற்றில் தங்குகிறது. அழற்சிக்கு அதுவே பெரிதும் இடம். ஆடவர்க்கு 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவே நமக்கு எச்சரிக்கை என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2005இல் வகுத்தது. எடை குறையக் குறைய அழற்சி தணிகிறது என்பது ஆறுதல்.

இதைக் கேட்டுப் பருத்தவரைப் பெருந்தீனியர் என்று யாரும் நகைக்க வேண்டா. பிறவி உடற்கூறும், உறக்கக் குறைவும், சில மருந்துகளும் கூடக் காரணமாகலாம். சொல்லால் சுடுவதும் இம்சையே. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் முழு உபவாசம் மேற்கொள்ளலாகாது. குறைய உண்ணும் அளவையும் அவரிடமே கேட்டறிக.

நம் தாய்மார்க்கும் ஒரு சொல். பிள்ளைகள் மீத்த சோற்றை வீணாக்கலாகாதென்று தாமே உண்டுவிடுகிறீர்கள். உலையில் அரிசியிடும்போதே ஒரு பிடி குறைத்திடுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் சிறிதளவே பரிமாறுங்கள், வேண்டின் மறுமுறை கேட்கட்டும்.